நோ குறைந்தவுடன் புரெட்னிசலோன் குளிசையை நிறுத்தலாமா? அது கலத்துக்குள் என்ன செய்கிறது?

யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போகும் உங்கள் அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்குப் புரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தந்திருக்கிறார்கள், நோ போய்விட்டது, நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரம்பரையலகுகளை இயக்கவும் அடக்கவும் செய்கிற புரதங்களைப் பிரதியெடுத்தல் காரணிகள் என்பார்கள். மூட்டை வீங்கி நோக வைக்கிற அழற்சியில் முக்கியமானது என்எஃப்-கப்பா-பி; 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் ஐ-கப்பா-பி என்ற புரதம் அதைக் கருவுக்கு வெளியே, குழியவுருவில் பிடித்து வைத்திருக்கும். டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதம் சைகையாக வந்ததும் ஒரு நொதியம் ஐ-கப்பா-பியில் பொசுபேற்றை ஏற்றும். சில நிமிடங்களில் அது சிதைக்கப்படும். விடுபட்ட காரணி கருவுக்குள் போய் டிஎன்எஃப், ஐஎல்-6, கொக்ஸ்-2 ஆகிய அழற்சியைக் கூட்டும் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டும். தன்னைப் பிடித்துவைக்கிற ஐ-கப்பா-பியையும் அதுவே திரும்ப உண்டாக்கும். கிருமித் தொற்றில் இப்படித்தான் அழற்சி தானாக அடங்குகிறது. மூட்டுவாதத்தில் சைகை ஓய்வதில்லை: வெளிவந்த டிஎன்எஃப் பக்கத்துக் கலத்தில் அதே வேலையைத் தொடக்கிவிடும்.

இனிக் குளிசை. கலத்துக்குள் அது போய் ஒட்டும் புரதத்தை வாங்கி என்பார்கள்; அதுவும் ஒரு பிரதியெடுத்தல் காரணிதான். மருந்து ஒட்டியதும் கருவுக்குள் போய் என்எஃப்-கப்பா-பியின் வேலையை அடக்கும். பரம்பரையலகு வழியாக நடப்பதால் பலன் தெரிய மணித்தியாலங்கள் எடுக்கும். சிக்கலும் இங்கேதான்: அதே வாங்கி ஈரலில் குளுக்கோசு உற்பத்தியைக் கூட்டும், எலும்பைத் தேய வைக்கும், மூளையிலும் கபச்சுரப்பியிலும் வேலை செய்து, அதிரீனல் சுரப்பியை இயக்கும் ஏசிடிஎச் ஓமோனைக் குறைக்கும். மூன்று நாலு கிழமைக்கு மேல் எடுத்தால் உடம்பின் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்கும் அந்த அதிரீனல் சுரப்பி சோம்பிவிடலாம். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைச்சுற்று, பிறஷர் இறங்குதல் வரலாம், உயிராபத்து. மூட்டு நோவும் திரும்பும்.

காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். சீனி வருத்தம் இருந்தால் இரத்தச் சீனியை அடிக்கடி பாருங்கள். டைக்குளோபினக் போன்ற நோக்குளிசையைக் கடையில் வாங்கிக் கூடச் சேர்க்க வேண்டாம், வயிற்றில் புண் வரலாம். மூட்டுவாதத்துக்கான இன்னொரு மருந்தான மெதொட்ரெக்சேற்றும் தந்திருந்தால் அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும். நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்படும். இந்த ஒன்றைக் கிளினிக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். முன்பு கசநோய் வந்திருந்தாலோ, தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்து பழகியவர் என்றாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் ஸ்ட்ரொஞ்சிலொயிடிஸ் புழு, ஸ்டீரொயிட் எடுப்பவரின் உடம்பில் கட்டுமீறிப் பெருகலாம்.

குறைப்பது வைத்தியர் சொல்லும் அட்டவணைப்படிதான். நாளுக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு வந்தபிறகு இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள், சுரப்பி அப்போதுதான் மீண்டும் வேலை தொடங்க வேண்டும். அந்த நாட்களில் வாந்தியால் குளிசை வயிற்றில் தங்காவிட்டால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.