அந்த நோட்டை மூடி வைக்கச் சொல்லாதீர்கள்

போன வாரம் மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டுத் தன் கணவரோடு என்னிடம் வந்திருந்த ஒரு அம்மா, உட்கார்ந்ததும் பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "பரீட்சை நேரத்தில் என் பொண்ணு இதைத்தான் எழுதிக்கிட்டு இருக்கா சார். கம்ப்யூட்டரைக் கழட்டுறதும் மாட்டுறதுமா இருக்கா" என்றார். பெண்ணின் பெரியப்பா செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு ஒரு பெரிய கல்லூரியில் இடம் பேசி வைத்திருக்கிறாராம். வீட்டை அடமானம் வைத்தால் கட்டணத்தைச் சமாளித்துவிடலாமாம்.

முதலில் ஆறுதலாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டியதும் அதை நிறுத்திவிட்டேன். அன்று சொல்ல நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா, அந்த நோட்டில் உங்கள் மகள் நான்கு பத்திகளாகக் கோடு போட்டிருக்கிறாள்: எந்த ஸ்லாட் (கணினிக்குள் கார்டைச் செருகும் இடம்), எந்த கார்டு, லினக்ஸ் என்ற இயங்குதளம் அதற்கு வைத்த பெயர், கணினியை அணைத்துப் போட்டது (ரீபூட்) எத்தனையாவது தடவை. ஒரு வரியில் 'இஎன்பி3எஸ்0' என்பதை அடித்துவிட்டு 'இஎன்பி4எஸ்0' என்று எழுதியிருக்கிறாள். இவை நெட்வொர்க் கார்டுக்கு, அதாவது கணினியை இணையத்தோடு இணைக்கும் கார்டுக்கு, லினக்ஸ் வைத்த பெயர்கள். பக்கத்தில் பென்சிலால்: "நெட்வொர்க் கார்டை நான் தொடவே இல்லை. மேல் ஸ்லாட்டில் வேறொரு கார்டைச் செருகினேன், அவ்வளவுதான். பெயர் ஏன் மாறியது?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வேலையே இருக்கிறது. ஒரு காலத்தில் லினக்ஸ், நெட்வொர்க் கார்டுகளைக் கண்டுபிடித்த வரிசையில் ஈத்0, ஈத்1 என்று பெயர் வைத்தது. புதிதாக ஒரு கார்டைச் செருகினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளலாம். உள் நெட்வொர்க்குக்கு எழுதிய ஃபயர்வால் விதி (யாரை உள்ளே விடலாம் என்ற காவல் விதி) வெளியுலகத்தைப் பார்க்கும் கார்டில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2013-இல், லினக்ஸின் அடிப்படைச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 197-ஆம் பதிப்பு வேறு முறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டிலேயே இருப்பதற்கு இஎன்ஓ1, ஸ்லாட் எண் தெரிந்தால் இஎன்எஸ்1, இல்லாவிட்டால் கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பாதையான பிசிஐ பஸ்ஸில் இருக்கும் இடத்தை வைத்து இஎன்பி3எஸ்0 என்று பெயர் வரும். அவள் பார்த்த 3 அந்த பஸ் எண்தான். மேலே புதிதாக வந்த கார்டு ஒரு எண்ணை எடுத்துக்கொண்டதால், கீழே இருந்தது ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. நம்பகமான பெயர் என்று சொல்லப்படுவது எந்த இடத்தில் நழுவுகிறது என்பதை யாரும் சொல்லித்தராமல் பிடித்திருக்கிறாள்.

இதைச் சோதிப்பதையே சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸைத் தொகுத்துத் தரும் நிறுவனங்களான ரெட் ஹாட், சூசே, உபுண்டுவைத் தரும் கனானிக்கல் எல்லாமே வன்பொருள் சான்றிதழ்த் திட்டங்கள் நடத்துகின்றன; ஒரு கணினி தங்கள் லினக்ஸில் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துச் சான்று தருவதுதான் அது. சர்வர் செய்கிற நிறுவனங்களிலும் சோதனைக் குழுக்கள் உண்டு. அங்கே நடப்பது ஏறக்குறைய அவளுடைய நோட்டுதான், இன்னும் கறாராக. முதலில் கூடுதல் கார்டு இல்லாமல் பெயரைக் குறிப்பது. ஒன்றைச் செருகி, பழைய பெயர் நிலைத்ததா என்று பார்ப்பது. பிறகு ஸ்லாட்டை மாற்றுவது. ஒரே மாதிரி கார்டு இரண்டு வைப்பது. கேபிள் செருக இரண்டு போர்ட் உள்ள கார்டு என்றால் பெயரின் கடைசியில் எஃப்0, எஃப்1 சரியாக வருகிறதா என்று பார்ப்பது. யூஎஸ்பி அடாப்டர் என்றால் மேக் முகவரியே, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்ணே, பெயராகலாம். எதுவானாலும் 15 எழுத்துக்குமேல் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்காது, அதனால் நீளமான பெயர்களையும் உரசிப் பார்க்க வேண்டும். அப்புறம் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் கணக்கே வேறு: அங்கே டிரைவரின் (கார்டை இயக்கும் மென்பொருளின்) பெயர்தான் கார்டின் பெயர், இஎம்0, ஆர்இ0 என்று வரும்.

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம் என்பதையும் அப்பா கவனிக்க வேண்டும். கியூஎமு என்ற இலவச மென்பொருளில் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, நெட்வொர்க் கார்டுகளை எந்த பிசிஐ முகவரியில் வேண்டுமானாலும் வைக்கலாம். முப்பது விதமாக மாற்றிப் பார்க்க கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் போதும். தவறு கிடைத்தால் கர்னல் பதிப்பு, ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, எதிர்பார்த்த பெயர், வந்த பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்த மூலத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்பலாம். அப்படி நன்றாக எழுதிய பத்து அறிக்கைகள் கையில் இருந்தால், நேர்முகத் தேர்வில் அவள் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணினியோ மின்னணுவியலோ, கடன் இல்லாமல் சேரக்கூடிய ஒரு சாதாரணக் கல்லூரியில் படிக்கட்டும். கூடவே சி மொழி, பைத்தான், பிசிஐ எப்படி இயங்குகிறது என்பதை ஆழமாகக் கற்கட்டும். இந்த வேலையில் அலுப்பு உண்டு. ஒரே சோதனையை நாற்பது தடவை ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் அவள் நோட்டில் ரீபூட் எண்ணிக்கை 26 வரை போயிருக்கிறது. அலுப்பைத் தாங்குவாளா என்ற சந்தேகம் எனக்கு இல்லை.

வீட்டை மட்டும் அடமானம் வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியப்பா பாசத்தில்தான் சொல்கிறார், சரி. ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள். அந்தப் படிப்பைப் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பாடத்தின் பேரில் மயங்கி, கேள்வியே எழாத பிள்ளையைக் கடனில் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் என்னிடம் வந்த பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். அப்போது திரும்பி வர வழி குறைவு.

பரீட்சை முடிகிற வரை கணினியைத் திறக்க வாரத்தில் ஒரு நாள் என்று அவளோடு பேசி முடிவு செய்யுங்கள், நோட்டைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். ஒரே மாதிரி கார்டு இரண்டை ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பார்த்தாளா என்று நான் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் கோடு போட்டுக் காலியாக இருந்தது.