மஞ்சள் அந்திமந்தாரையில் சிவப்புத் தீற்றல்: நோயா? விதை எடுக்கலாமா?

கேள்வி: தொட்டியில் இருக்கும் அந்திமந்தாரை மஞ்சளாகப் பூக்கிறது. ஆனால் பூக்களில் சிவப்புக் கோடும் புள்ளியும் இருக்கின்றன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. இப்போது ஒரு கிளை முழுக்கச் சிவப்பாகவே பூக்கிறது. இது வைரஸா? விதை போட்டால் இதே பூ வருமா?

பதில்: செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் இலையைப் பாருங்கள். சுருட்டை, திட்டுத் திட்டான வெளிறல், குன்றிய வளர்ச்சி இவையெல்லாம் இருந்தால் வைரஸைச் சந்தேகிக்கலாம். இலை பச்சையாக, செடி செழிப்பாக இருந்தால் இது அநேகமாகத் தாவும் மரபணுவின் வேலை. (டியூலிப் பூவின் புகழ்பெற்ற கோடுகள் மட்டும் நிஜமாகவே வைரஸ் போட்டவை!)

அந்திமந்தாரையில் மஞ்சள், சிவப்பு என இரு நிறமிகள் உண்டு. சிவப்புக்கான மரபணுவின் நடுவே டிரான்ஸ்போசான் எனும், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு புகுந்துவிட்டால் சிவப்பு நின்றுபோகும், மஞ்சள் மட்டும் மிஞ்சும். அந்தத் துண்டு ஏதோ ஒரு செல்லில் கழன்று வெளியேறினால் மரபணு மறுபடி வேலை செய்யும். அந்தச் செல்லின் வாரிசுகள் அத்தனையும் சிவக்கும். மொட்டு உருவாகும்போதே கழன்றால் அடியிலிருந்து விளிம்புவரை ஆப்பு போல அகன்ற பட்டை. மலரப்போகும் நேரத்தில் கழன்றால் ஊசிமுனைப் புள்ளி. உங்கள் சிவப்புக் கிளையில் அது குருத்திலேயே கழன்றிருக்கிறது. மக்காச்சோள மணிகளில் இதே புள்ளிகளைப் பார்த்துத்தான் 1940களில் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி பார்பரா மெக்லின்டாக் தாவும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. மக்காச்சோள மரபணுத்தொகுப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் இத்தகைய துண்டுகளே. பெரும்பாலானவை இன்று அசையாமல் கிடக்கின்றன.

இனி விதைக்கு வருவோம். சிவப்புக் கிளையில் நூல் கட்டி வையுங்கள். அந்துப்பூச்சி வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவராமல் இருக்க, மாலையில் விரியும் முன்பே மொட்டுக்கு மெல்லிய துணிப்பை மாட்டுங்கள். பூ வாடும்போது தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். ஒரு பூவுக்கு மிளகு போல ஒரே விதைதான், ஆகவே நிறைய பூக்களுக்கு மாட்டுங்கள். அந்தக் கிளையிலும் பெரும்பாலும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றிலிருந்துதான் துண்டு கழன்றிருக்கும். நாற்றுகளில் சிவப்போடு தீற்றலும் கலந்தே வரலாம். விதை தரும் உள்ளடுக்குச் செல்களில் மாற்றம் இல்லையென்றால் சிவப்பே வராமலும் போகும். தீற்றல் விழுந்த மஞ்சள் பூவின் விதையிலிருந்து பெரும்பாலும் தீற்றல் பூ வரும், கோலம் மட்டும் வேறாக இருக்கும்.

இதே செடிதான் வேண்டுமென்றால் விதையை நம்பாமல் கிழங்கைத் தோண்டி நடுங்கள்.