காரைக்குடி ஜங்ஷனில் இறங்கினால் ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

முதல்ல பிள்ளையார்பட்டி போயிடுங்க. மதியம் நடை சாத்திடுவாங்க. குடைவரைப் பிள்ளையாருக்கு இரண்டே கை, தும்பிக்கை வலம்புரி. குன்றக்குடி முருகன் போற வழியிலேயே இருக்கார், மலையேறத் தெம்பிருந்தா ஏறுங்க.

அப்புறம் ஆத்தங்குடி, கையாலேயே தரை ஓடு (டைல்ஸ்) செய்யற ஊர். இதை மட்டும் விட்டுடாதீங்க. கண்ணாடி மேல அச்சை வச்சு, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால ஊத்துவாங்க. அச்சை எடுத்துட்டு மேல மணல், சிமெண்ட் கலவை. சூளையே கிடையாது, தண்ணியில ஊறணும், அவ்வளவுதான். கண்ணாடி கழன்றதும் அடியில பூ பளபளன்னு நிக்கும். நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்னுட்டேன்.

செட்டியார்களோட பெரிய வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தான் போங்க. பக்கத்துல ‘செட்டிநாடு’ன்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு. ஆனா எல்லா ரயிலும் அங்கே நிக்காது. காரைக்குடியிலேயே இறங்கி ஆட்டோ பேசிக்குங்க.