கேளுங்கள், சொல்கிறேன்

கே: பக்கத்து நூலகத்தில் குவான்சா விழாவாம், கூப்பிடுகிறார்கள். மதப் பண்டிகையா? போகலாமா?
– ஒரு வாசகி, அட்லாண்டா

ப: தாராளமாகப் போங்கள். மதமெல்லாம் இல்லை. 1965-ல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. மறுவருஷம் கறுப்பின இயக்கத் தலைவர் மௌலானா கரெங்கா தொடங்கிய கறுப்பின மக்களின் விழா இது. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. ஏழு மெழுகுவத்திகளில் நடுவிலுள்ள கறுப்பைத்தான் முதலில் ஏற்றுவார்கள். நான் போன கூடத்தில் ஒரு பாட்டி, கிண்ணத்துத் தண்ணீரைச் செடித்தொட்டியில் சொட்டுச் சொட்டாக ஊற்ற, ஆளாளுக்குத் தங்கள் முன்னோர் பெயரைச் சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ‘ஹபாரி கானி?’ (என்ன சேதி?) என்று விசாரித்தால், முதல் நாளென்றால் அன்றைய கொள்கையான ‘உமோஜா’ என்பதுதான் பதில், ஸ்வாஹிலி என்ற ஆப்பிரிக்க மொழியில் ஒற்றுமை. 31-ஆம் தேதி விருந்து. வெறுங்கையோடு போகாதீர்கள், எலுமிச்சை சாதம் போதும்!