மண்டியிட்ட உருவமும் கப்பலின் வரைபடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்தை அறத்தின் வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அவர்கள் படங்களையும் பதக்கங்களையும் காட்டித்தான் மக்களை உருகவைத்தார்கள். அது பரப்புரை அல்லவா? உருக்கத்தால் ஏற்ற அறத்தை நாளை இன்னொருவர் வேறோர் உருக்கத்தால் மாற்றிவிட முடியாதா?

ரவி, ஈரோடு

அன்புள்ள ரவி,

முடியும். அடிமை வணிகர்களும் அதையே செய்தார்கள். வணிகம் நின்றால் அடிமைக் கப்பல்களின் துறைமுக நகரான லிவர்பூல் பாழாகும் என்று அச்சுறுத்தினார்கள். ஆகவே ஓர் உணர்ச்சி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையே நான் பார்ப்பேன்.

1788இன் இறுதியில் பிளிமத்தில் அச்சாகி, மறு ஆண்டு லண்டனில் விரிவாக வெளிவந்த புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் வரைபடத்தில் கண்ணீரும் இல்லை, சாட்டையும் இல்லை. அரசு அனுப்பிய கடற்படை அதிகாரி எடுத்த அளவுகளை வைத்து, ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம் என்று மனித உருவங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். கப்பலில் ஏற்றும் அடிமைகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்ட புதிய சட்டம் அக்கப்பலுக்கு அனுமதித்தது 454 பேர். அதற்கு முந்தைய ஒரு பயணத்தில் அது 609 பேரை ஏற்றியிருந்தது. பார்த்தவர் பதைத்தார் என்றால், அந்தப் பதைப்பின் காரணத்தை எவரும் அளவுகோல் கொண்டு சரிபார்த்திருக்கலாம்.

இயக்கத்தின் முதன்மைச் செயல்வீரரான தாமஸ் கிளார்க்சன் ஆங்கிலேயரின் தன்னினச் சார்பையும் அறிந்திருந்தார். கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களைத் திரட்டி, இவ்வணிகத்தில் ஆங்கில மாலுமிகளும் பெருமளவில் மடிகிறார்கள் என்று நிறுவினார். ஆப்பிரிக்கரின் சாவுக்கு அசையாதவருக்கும் தம்மவரின் சாவு உறைக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு உவப்பான வழியல்ல. ஆனால் அவர் சொன்னது மெய் என்பதால், அதை ஏமாற்று என்று சொல்லத் துணியமாட்டேன்.

உண்மையில் என்னை நெருடுவது பீங்கான் தொழிலதிபர் வெட்ஜ்வுட் 1787இல் செய்து பரப்பிய பதக்கம். விலங்கிடப்பட்ட ஓர் ஆப்பிரிக்கர் மண்டியிட்டு, "நான் ஒரு மனிதன் அல்லவா, உடன்பிறந்தவன் அல்லவா" என்று கேட்கிறார். சீமாட்டிகள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். அடிமையாயிருந்து மீண்ட ஒலாடா இக்வியானோ 1789இல் தன் வரலாற்றை வெளியிட்டு, ஊர் ஊராகச் சென்று விற்று, நிமிர்ந்து நின்று வாதாடிய காலமும் அதுவே. பதக்கமோ பார்ப்பவரின் மேட்டிமையைச் சற்றும் தொடாமல் இரக்கத்தை மட்டும் எழுப்பியது. நீங்கள் அஞ்சும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரக்கம் வந்த பிறகும் சார்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடிமை வணிகம் 1807இல் தடைசெய்யப்பட்டது. அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தபோது நாடாளுமன்றம் 2 கோடி பவுண்டு ஈட்டுத்தொகை ஒதுக்கியது. அது உடைமையாளர்களுக்கு. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எசமானர்களிடம் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது.