ஹாங்காங்கில் 320 சதுர அடி ஒற்றை அறை வீடு. சீன வாஸ்துவான ஃபெங் சுயிப்படி எதை எங்கே வைப்பது?

முதலில் கட்டிலுக்கு இடம் பாருங்கள், பிறகு அடுப்பு. அதிர்ஷ்டம் தரும் என்று விற்கும் ஆமை, தவளை பொம்மைகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தலைமாட்டில் கெட்டிச் சுவர் இருக்க வேண்டும். படுத்தபடியே வாசல் தெரிய வேண்டும்; ஆனால் கால் வாசலுக்கு நேரே நீளக் கூடாது, சீனர்களுக்கு அது பிணம் கிடத்தும் வாகு. அப்படியானால் வாசலுக்குக் குறுக்கு மூலைதான் சரி. அங்கே பெரும்பாலும் துருத்திய ஜன்னல் இருக்கும், பலர் அதிலேயே தலைமாட்டை ஒட்டிவிடுவார்கள். முதுகுக்கு மலை, முன்னால் நீர் என்பது இந்தக் கலையின் அடிப்படை, கண்ணாடி மலையாகாது. கட்டிலைத் திருப்பித் தலையைப் பக்கச் சுவருக்குக் கொண்டுவாருங்கள்.

கால் வாசலுக்கு நேரே வருவதைத் தவிர்க்க வேறு வழியே இல்லையென்றால் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே முதுகுப்பலகை உள்ள 5 அடி அலமாரி வையுங்கள். கூரைவரை உயர்த்தினால் வெளிச்சமும் ஏசி காற்றும் தடைபடும். நடக்க 2 அடியாவது விடுங்கள். கதவு முழுசாகத் திறக்கிறதா என்று அலமாரி வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். பீரோ கண்ணாடி கட்டிலைப் பார்த்தால் ஒரு திரை போதும்.

அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒட்டியிருந்தால் நெருப்புக்கும் நீருக்கும் மோதல். இடையே 2 அடி மேடை கிடைப்பது இந்த அளவு வீட்டில் அபூர்வம். நீர் மரத்தை வளர்க்கும், மரம் நெருப்பை வளர்க்கும் என்பதால் நடுவில் பச்சைச் செடி வைப்பார்கள். அதைக் கழுவும் தொட்டிப் பக்கமாகவே வையுங்கள். சுடர் அருகே வாடிய செடி இன்னும் மோசம்.

பணம் சேரும் என்று சொல்லப்படும் 'செல்வ மூலை' தேடி வீட்டை 9 கட்டமாகப் பிரிப்பது இங்கே வீண். 18 அடிக்கு 18 அடி அறையில் ஒரு கட்டம் 6 அடிதான்; அந்த மூலை குளியலறைக்குள் விழுந்தாலும் விழும். வாசலை வைத்துக் கட்டம் போடும் அந்த முறையே லின் யுன் என்ற ஃபெங் சுயி ஆசிரியர் அமெரிக்காவில் பரப்பியது, பழைய திசைகாட்டி மரபினர் ஏற்பதில்லை. அவர்கள் திசையை 24 பாகமாக, பாகத்துக்கு 15 டிகிரியாகப் பிரிப்பார்கள். கைபேசித் திசைகாட்டி கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பாலும் ஃபிரிட்ஜாலும் எளிதில் 10 டிகிரி பிசகும். அதை நம்பிக் கட்டிலை நகர்த்தாதீர்கள்.

தீமையைத் திருப்பி அனுப்பும் என்று நம்பப்படும் எண்கோணக் கண்ணாடி வாங்கியிருந்தால் வீட்டுக்குள் மாட்டாதீர்கள், அது வெளிப்புறத்துக்கானது. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தும் வேண்டாம். தீமையைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.