மூக்கின்மேல் விரல்

அன்புள்ள ஐயா,

என் அம்மா பக்கத்து வீட்டுக் கதைகளைப் போனில் தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். ஆனால் நானும் தங்கையும் காதோடு காதாக ஏதாவது பேசினால், “நாலு பேர் இருக்கிற இடத்தில் என்ன குசுகுசு?” என்று சீறுவார். வம்பு தப்பில்லை, குசுகுசுப்பதுதான் தப்பா? குரலைத் தாழ்த்துவது ஒன்றுதான் வித்தியாசமா? என் பெயரைப் போட வேண்டாம். அம்மாவும் உங்களைப் படிப்பவர்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். அம்மா கண்டுபிடித்துவிடுவார், அது வேறு விஷயம்.

காதலர் இருவரைப் பற்றி ஊரில் எழும் பேச்சுக்குப் பழந்தமிழில் இரண்டு சொற்கள் உண்டு: அம்பல், அலர். காதலுக்கு இலக்கணம் சொல்லும் பழைய நூலுக்கான இறையனார் களவியல் உரை இவற்றை மொட்டையும் மலரையும் வைத்து விளக்குகிறது. இதழ் விரியாமல் மொட்டாக நிற்கும் பேச்சு அம்பல். இன்னாரோடு இன்னார் என்று விளங்கச் சொல்லிவிட்டால் அலர். குரல் ஏறியதா இறங்கியதா என்ற கேள்வியே அங்கே இல்லை.

நற்றிணை 149ஆம் பாட்டைப் பாருங்கள். உலோச்சனார் பாடியது. தெருப் பெண்கள் ‘சிலரும் பலரும் கடைக்கண் நோக்கி, மூக்கின் உச்சிச் சுட்டுவிரல் சேர்த்தி’ அம்பல் தூற்றுகிறார்கள். என்ன சொன்னார்கள் என்று பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. கண்ணும் விரலும்தான். அதற்கே வீட்டில் அன்னை சின்னக் கோலை எடுத்து அடித்துவிடுகிறாள். (மூக்கின்மேல் விரல் வைப்பதை நாம் இன்னும் விடவில்லை.) கடைசியில் அந்தப் பெண், நள்ளிரவில் தேரில் வரும் காதலனோடு போய்விடுவதென்று முடிவு செய்கிறாள். ‘அலர் சுமந்து ஒழிக இவ் அழுங்கல் ஊரே’ என்கிறாள், இந்த இரைச்சல் ஊர் அலரைச் சுமந்துகொண்டு கிடக்கட்டும் என்று. அம்பலில் தொடங்கிய பாட்டு அலரில் முடிகிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது? சுமக்கிற வேலை ஊருக்கு.

இந்தக் கணக்கில் பார்த்தால் பத்திரிகைகளின் சினிமா கிசுகிசு அம்பல்தான். ஊரே படித்தாலும் அங்கே வருவது ‘மூன்றெழுத்து நடிகர்’. யாராவது சண்டைக்கு வந்தால், “உங்களையா சொன்னோம்?” என்று கேட்டுவிடலாம். உங்கள் அம்மா பேசுவது சுத்தமான அலர். பெயர், எந்த வீடு, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கே அந்த வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். குசுகுசுப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அறையில் இருக்கிற நாலு பேரும் தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மாவின் கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தாழ்ந்த குரலெல்லாம் அம்பல் ஆகிவிடாது. என் பாட்டி கிணற்றடியில் சத்தமாகப் பேசியது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. ஒரு நாள் அம்மாவிடம் சொன்னது மட்டும் இருக்கிறது. “பெரியப்பாவுக்கு அதுவாம்.” ‘அது’ என்ற இடத்தில் சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. புற்றுநோய் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் அந்த வார்த்தையை உதட்டால்தான் சொல்கிறார்கள். இதை வம்பில் சேர்க்க எனக்கு மனம் வராது.

அப்புறம், அகநானூறு 70. காதல் திருமணத்தில் முடிந்ததும் ஊர்ப்பேச்சு அடங்கிவிட்டது என்று சொல்லவந்த புலவர், உவமைக்கு இராமனைக் கூப்பிடுகிறார். பாண்டியரின் கோடி என்ற ஊரின் கடல்துறையில் பல விழுதுகள் இறங்கிய ஓர் ஆலமரம். அதன் கீழ் அவன் மறையான ஆலோசனை நடத்த வேண்டும். மேலே பறவைகள் ஒரே இரைச்சல். அவன் அடக்கியதும் மரமே கப்சிப். அதுபோல ஊர் ஓய்ந்ததாம். ரகசியம் பேசுகிறவனுக்கு மரியாதை, வம்பளந்த ஊருக்குப் பறவைக் கூட்டத்தின் இடம். உங்கள் அம்மாவுக்கு இந்தப் பாட்டு பிடிக்காது.

நீங்களும் தங்கையும் பேச வேண்டியதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா போனில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது.